மறைப்பு உள்ள இருக்கை

கச்சேரிக்கு டிக்கெட் வாங்கும்போது மேடை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்றுதான் பெரும்பாலோர் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டு பேர் வேறு கணக்குப் போடுவோம். திரை எவ்வளவு பெரியது, அதில் ஓடும் காட்சி எவ்வளவு அசையும் என்பது என் கவலை. படிக்கட்டு எவ்வளவு செங்குத்து, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்பது என் நாத்தனாரின் கவலை. எனக்கு அசைவு ஆகாது, அவருக்கு உயரம் ஆகாது. ஆனால் இருவருக்கும் பாட்டு வேண்டும். வீட்டில் கேட்டால் போதாது. ஆயிரம் பேரோடு சேர்ந்து உட்கார்ந்து, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மயிர்க்கூச்செறியும் அந்த நொடிக்காகப் போக வேண்டும்.

எங்களைப் போன்றவர்கள் கொஞ்சம் பேர் என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், உயரத்தில் நிற்கும்போது கால் தடுமாறுவதும் நெஞ்சு படபடப்பதுமான தொல்லையை வாழ்நாளில் எப்போதாவது அனுபவித்ததாக நூற்றுக்கு 28 பேர் சொன்னார்கள். பஸ்ஸில் குமட்டுகிறவர்களைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குப் புள்ளிவிவரம் தேவையில்லை. மலைக்குப் போகும் எந்தப் பேருந்திலும் ஜன்னலோரத்தில் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு யாராவது இருப்பார்கள். நான் தேனிக்காரி. போடிமெட்டு ஏறும்போதெல்லாம் அந்த ஜன்னலோரத்தில் இருந்தவள் நான்தான்.

கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்தேன். கணவர் குடும்பம் சாட்ஸ்வொர்த்தில் வேரூன்றியது; அவர்களுடைய முன்னோர் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். கணவரின் மூத்த சகோதரியை எல்லோரும் அக்கா என்று கூப்பிட, எனக்கும் அவர் அக்காவாகிவிட்டார். கோயிலில் தேவாரம் பாடுவார். அதே குரலில் ஈகிள்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் பாடல்களையும் பாடுவார். 1979இல் டிரான்ஸ்கை பகுதியிலிருந்து ஒலிபரப்பைத் தொடங்கிய கேப்பிட்டல் ரேடியோ 604ஐக் கேட்டு வளர்ந்த டர்பன் தலைமுறை அவருடையது. அந்தத் தலைமுறையின் தமிழ்ப் பெண்களுக்குத் தேவாரமும் கிட்டாரும் ஒரே வீட்டில் இருப்பதில் எந்த முரணும் தெரியாது.

ஆனால் கச்சேரி என்று பேச்செடுத்தால் அக்கா சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. “நீங்க எல்லாரும் போய்ட்டு வாங்க, நான் வெளியே உட்காந்திருக்கேன்.” மோசஸ் மபிடா மைதானத்தில் மேலடுக்கில் இடம் கிடைத்தபோது அப்படித்தான் சொன்னார். உள்ளே ஆரவாரம் எழும்போதெல்லாம் அவர் நடைவழியில் சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நம் குடும்பங்களில் இப்படி வெளியே உட்கார்ந்திருக்கும் பெண்கள் எத்தனை பேர்! பை, குழந்தை, செருப்பு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லித் தங்கள் பயத்தை யாருக்கும் காட்டாமல் மறைத்துவிடுகிறார்கள். யாரும் ஏன் என்று கேட்பதுமில்லை. இதுதான் என்னை எழுத வைக்கிறது.

அக்காவின் மகன் கலிபோர்னியாவில் வேலை பார்க்கிறான். 2024 செப்டம்பரில் ஈகிள்ஸ் குழு அமெரிக்காவின் லாஸ் வேகஸில் ஸ்ஃபியர் என்ற அரங்கில் தொடர் கச்சேரிகளைத் தொடங்கியதும் அவன் அம்மாவை அழைத்தான். “மாமியையும் மாமாவையும் கூட்டிக்கிட்டு வாங்கம்மா.” அக்கா உடனே என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அந்த இடம் எவ்வளவு உயரம் என்று பார்க்கச் சொன்னார்.

பார்த்தேன். வெளியிலிருந்து அது ஒரு மாபெரும் உருண்டை. 112 மீட்டர் உயரம், 157 மீட்டர் அகலம். டர்பன்காரர்களுக்குச் சொல்வதானால், மோசஸ் மபிடா வளைவின் உச்சி 106 மீட்டர். அந்த உருண்டை அதைவிடச் சற்று உயரம். யூ டூ குழு 2023 செப்டம்பர் 29இல் பாடித் திறந்துவைத்தது. உள்ளே ஏறத்தாழ 15,000 சதுர மீட்டர் பரப்புள்ள எல்இடி திரை மேடைக்குப் பின்னால் எழுந்து, தலைக்கு மேல் வளைந்து, இரு பக்கமும் சூழ்ந்துகொள்கிறது. பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள், கீழிருந்து மேலாக 100, 200, 300, 400 என்று எண்ணிட்ட நான்கு அடுக்குகளில். மேலே போகப் போகச் சரிவு கூடும். அதாவது எனக்கு ஆகாததும் அக்காவுக்கு ஆகாததும் ஒரே கூரையின் கீழ்.

“மனசைத் தைரியமா வெச்சுக்கிட்டாப் போதும்” என்று உறவில் ஒரு பெரியவர் சொன்னார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் இந்த அறிவுரை எவ்வளவு பேரை வெட்கப்பட வைத்து வீட்டிலேயே உட்கார வைத்திருக்கிறது என்று நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. தைரியத்துக்கும் இதற்கும் அவ்வளவாகச் சம்பந்தமில்லை.

1894இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு பொருட்காட்சியில் பேய் ஊஞ்சல் என்று ஒரு வேடிக்கை வைத்திருந்தார்கள். ஓர் அறையின் நடுவே பெரிய ஊஞ்சல். ஆட்கள் ஏறி உட்கார்ந்ததும் கதவைச் சாத்துவார்கள். ஊஞ்சல் ஆடத் தொடங்கும், இன்னும் ஆடும், கடைசியில் தலைகீழாகச் சுற்றும். உண்மையில் ஊஞ்சல் கிட்டத்தட்ட அசையாமலே இருக்கும், சுற்றியது அறை. மேசை, விளக்கு எல்லாவற்றையும் தரையோடும் சுவரோடும் பொருத்தி, அறையையே சுழற்றினார்கள். ராபர்ட் வுட் என்ற இயற்பியலாளர் அடுத்த ஆண்டு ஓர் உளவியல் இதழில் இதைப் பற்றி எழுதினார். சூட்சுமம் தெரிந்த பிறகும் அந்த உணர்வு போகவில்லை, வெளியே வந்தவர்களில் பலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் இருந்தன. ஸ்ஃபியரில் நடப்பது, நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்த அறையில் நடந்ததன் தொடர்ச்சி. அறை சுழல வேண்டியதில்லை, சுவரில் ஒளி நகர்ந்தால் போதும். நாம் அசைகிறோமா என்பதை மூளை தீர்மானிப்பதில் ஓரக் கண்ணின் பங்கு பெரிது. ஓரக் கண்வரை நிறைந்திருக்கும் காட்சி முன்னால் பாய்ந்தால், பின்னால் நாற்காலி திடமாக இருந்தாலும் உடல் பறப்பதாகவே கொள்ளும்.

காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ, “நீ அசையவில்லை” என்கிறது. மூன்று அரைவட்டக் குழல்கள் தலை திரும்புவதைச் சொல்லும். அவற்றை அடுத்த இரண்டு சிறு பைகள் முன்பின் நகர்வையும் புவியீர்ப்பின் திசையையும் சொல்லும். கண் ஒன்று சொல்ல, காது வேறொன்று சொல்ல, நடுவே அகப்பட்ட வயிறு புரள்கிறது. பஸ்ஸிலும் கப்பலிலும் இதுவே தலைகீழாக: காது அசைகிறோம் என்கிறது, கையிலிருக்கும் புத்தகத்தில் நிலைத்த கண் இல்லை என்கிறது. காதின் பங்கு எவ்வளவு என்பதற்கு வலுவான சான்று பழையது. உள்காது வேலை செய்யாத காதுகேளாதோர் பலருக்குத் தலைசுற்றலே வருவதில்லை என்று 1882இல் வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதினார். அத்தகையவர்களுக்குக் கடற்பயணத்திலும் குமட்டுவதில்லை. அப்படியானால் குமட்டுகிறவர்களின் காது பழுதில்லை, சரியாக வேலை செய்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது.

கடல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒப்பந்தக் கூலிகளை இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குக் கொண்டுவந்த முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து புறப்பட்டு, 342 பேரோடு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. கப்பலின் ஆட்டம் பெரும்பாலோருக்கு மூன்று நான்கு நாளில் பழகிவிடும். மூளை புதிய கணக்கைக் கற்றுக்கொள்ளும். கச்சேரியோ இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. பழகிக்கொள்ள அவகாசமில்லாத இடத்தில் “பழகிடும்” என்று சொல்வதில் பயனில்லை.

அக்காவின் தொல்லை வேறு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தோம். அது பயம், என்னுடையது வயிறு என்று. தாமஸ் பிராண்ட் என்ற ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர் 1980 வாக்கில் காட்டியது எங்கள் இருவரையும் பக்கத்தில் உட்கார வைத்தது. நாம் சும்மா நிற்கும்போதும் உடல் மெல்ல ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. பக்கத்திலிருக்கும் சுவர், மேசை, தூண் ஆகியவை நம் ஆட்டத்துக்கு ஏற்பக் கண்ணில் நகர்வதை வைத்தே மூளை உடலைத் திருத்தி நிறுத்துகிறது. கண்ணுக்குத் தெரியும் நிலையான பொருள்கள் எல்லாம் தொலைவில் போய்விட்டால் அந்த நகர்வு கண்ணுக்குப் பிடிபடாத அளவு சிறிதாகிவிடும். உடல் இன்னும் அதிகமாக ஆடும், கால் தளரும். முதலில் வருவது இந்தத் தடுமாற்றம். பயம் அதன் மேல் ஏறி உட்கார்ந்து வளர்கிறது. உயரத்தில் நிற்கிறவர் ஓடும் மேகங்களைப் பார்க்கக் கூடாது என்பதும் இந்த ஆராய்ச்சிகள் தந்த அறிவுரைதான். இருட்டில் செங்குத்தான படியில் நிற்கிறவர் தலைக்கு மேல் பதினைந்தாயிரம் சதுர மீட்டர் மேகத்தை ஓடவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆக எங்கள் இருவருக்கும் வேண்டியது ஒன்றே. அருகில், கண்ணெதிரில், அசையாத ஏதோ ஒன்று.

இதை வைத்துக்கொண்டு இருக்கை தேடியபோதுதான் சிக்கல் தெரிந்தது. மேடைக்கு மிக அருகே முன்வரிசையில் உட்கார்ந்தால் அக்காவுக்கு உயரம் இல்லை. ஆனால் திரை முழுதும் தலைக்கு மேல். அண்ணாந்தே பார்க்க வேண்டும். தலையை அண்ணாத்தியும் திருப்பியும் பார்ப்பது எனக்குக் குமட்டலை விரைவாகக் கொண்டுவரும். மேலடுக்கில் உட்கார்ந்தால் காட்சி நேரெதிரே, தலையை அசைக்க வேண்டாம்; ஆனால் அக்கா அந்தப் படிகளில் இறங்க மாட்டார். எந்த அடுக்கிலும் முதல் வரிசை அவருக்குக் கூடாது, ஏனென்றால் கைப்பிடிக்கு அப்பால் வெறும் வெளி.

தீர்வு, எல்லோரும் வேண்டாம் என்று ஒதுக்கும் இடத்தில் இருந்தது. 100 அடுக்கின் பின்வரிசைகளுக்கு மேலே 200 அடுக்கின் அடிப்பகுதி கூரையாக நீண்டிருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் திரையின் மேற்பகுதி மறைந்துவிடும். அந்த இருக்கைகளைப் பார்வை மறைக்கும் இருக்கைகள் என்று குறிப்பிட்டு விற்கிறார்கள். போய்வந்தவர்கள் இணையத்தில் அவற்றைத் திட்டித் தீர்க்கிறார்கள்: ஸ்ஃபியருக்குப் போய் அங்கே உட்காருவது காசைக் கரியாக்குவது என்று. எங்களுக்கோ அந்த விளிம்பு வரப்பிரசாதம். திரையில் எது பாய்ந்தாலும் கூரையின் கோடு அசையாது. மெய்நிகர் காட்சிகளால் வரும் குமட்டலை ஆராய்ந்தவர்கள், காட்சிக்குள்ளோ காட்சிக்கு முன்னாலோ நிலையான ஒரு சட்டகம் தெரிந்தால் குமட்டல் குறைகிறது என்று 1990களிலேயே காட்டியிருக்கிறார்கள். ஓரக் கண்ணில் படும் காட்சியில் பாதி மறைந்துவிடுகிறது, தலைக்கு மேல் கூரை அருகில் இருக்கிறது, சரிவும் மேலடுக்குகளைவிடக் குறைவு. வாங்கினோம். அக்காவின் மகனுக்குத்தான் மனசே இல்லை. “அம்மா, பாதித் திரை தெரியாதும்மா” என்றான். “எனக்குப் பாதி போதும்ப்பா” என்றார் அக்கா.

தயார் செய்துகொள்ள மாதங்கள் இருந்தன. அக்கா உம்லாங்காவில் கேட்வே மாலுக்குப் போகும்போதெல்லாம் மேல் தளத்தின் கைப்பிடியருகே கொஞ்சநேரம் நிற்கத் தொடங்கினார். முதலில் தூணைப் பிடித்துக்கொண்டு, பிறகு தூணைத் தொட்டுக்கொண்டு. நெஞ்சு அடித்துக்கொள்வது தானே அடங்கும்வரை நின்றுவிட்டு வருவார். அடங்குமுன் ஓடினால் பயம்தான் வென்றதாகும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்த உளவியலாளர் சொன்னாராம். படிப்படியாகப் பழக்கும் இந்த முறையை மெய்நிகர் கருவியிலும் செய்கிறார்கள். 2018இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் உயர பயம் உள்ள 100 பேரை வைத்துச் செய்த சோதனையில், மருத்துவர் பக்கத்தில் இல்லாமலே, தலையில் மாட்டும் கருவிக்குள் வரும் பயிற்சியாளரோடு மாடி மாடியாக ஏறிப் பழகியவர்களின் பயம் பெருமளவு குறைந்தது. எனக்குக் குமட்டலைத் தரும் கருவியே இன்னொருவருக்கு மருந்தாகிறது.

நான் பழகிப்பார்த்த இடம் கேப் டவுன். ஐசிகோ கோளரங்கம் 2017இல் டிஜிட்டல் டோமாக மாற்றப்பட்டது. படம் தலைக்கு மேல் குவிமாடம் முழுதும் ஓடும். ஜோஹன்னஸ்பர்க்கில் விட்ஸ் பல்கலைக்கழகத்தின் கோளரங்கமும், 1960இல் திறந்தது, இப்போது அப்படி ஆகிவிட்டது. பெரிய அரங்குக்குப் பெரிய பணம் கட்டுமுன் இத்தகைய சிறிய குவிமாடத்தில் உட்கார்ந்து பார்ப்பது நல்லது என்பேன். நட்சத்திரங்கள் விரைந்து பாய்ந்தால் எனக்கு அவ்வளவாக ஒன்றும் செய்யவில்லை. வானம் மொத்தமும் மெதுவாகச் சாய்ந்து திரும்பியபோதுதான் வாயில் எச்சில் ஊறியது. கப்பல் ஆட்டத்தை ஆராய்ந்தவர்கள் சொல்வதும் இதுவே: ஏறத்தாழ ஐந்து நொடிக்கு ஒருமுறை ஆடும் மெதுவான ஆட்டம்தான் வயிற்றை அதிகம் புரட்டும்.

மருந்தைப் பற்றி விரிவாகச் சொல்லிவிடுகிறேன், இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். குமட்டல் வந்தபின் மாத்திரை போட்டால் பயன் மிகக் குறைவு, ஏனென்றால் அந்த நேரத்தில் இரைப்பை தன் வேலையை நிறுத்திவைத்திருக்கும், மருந்து ரத்தத்துக்குப் போகாது. ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். தென்னாப்பிரிக்காவில் மருந்துக் கடையில் கேட்டால் சைக்ளிசினோ சினாரிசினோ கொடுப்பார்கள். ஊரில் நமக்குத் தெரிந்தது அவோமின், அதிலிருப்பது புரோமெத்தசின். இவையெல்லாம் தூக்கம் வரவழைக்கும். தூக்கம் வராத அலர்ஜி மாத்திரையைப் போட்டால் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகாது, செட்டிரிசின் போன்றவை மூளைக்குள் அதிகம் புகுவதில்லை என்பதால்தான் தூக்கம் தருவதில்லை, அதே காரணத்தால் குமட்டலையும் தடுப்பதில்லை. கண் அழுத்த நோயோ புராஸ்டேட் வீக்கமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மாத்திரை போட்ட இரவில் மது கூடாது, வண்டியும் ஓட்டக் கூடாது. முதன்முதலாகக் கச்சேரி நாளன்று போடாமல், வீட்டில் ஒரு நாள் போட்டுப் பார்த்து எவ்வளவு தூக்கம் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்; காசு கொடுத்துப் போய்த் தூங்கிவிட்டு வருவதும் இழப்புதான்.

மருந்தில்லாத வழிகளும் உண்டு. எலுமிச்சம்பழத்தை எங்கள் பாட்டி தந்தபோது அதில் அறிவியல் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், அசையும் காணொளி பார்த்தவர்களில் இனிய மணமாக ரோஜாவை உணர்ந்தவர்களுக்குக் குமட்டல் குறைந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அதே குழு இன்னொன்றைக் கண்டது, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: பிடித்தமான இசையைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் குமட்டல் குறைந்தது. நாம் தேடிப் போகிற பாட்டே கூடவே வந்து காப்பாற்றுகிறது. மெதுவாக, சீராக மூச்சு விடுவதும் உதவும் என்பது நிறுவப்பட்ட ஒன்று. சேர்ந்து பாடுகிறவர் தானாகவே அப்படித்தான் மூச்சு விடுகிறார் என்று நான் நம்புகிறேன்.

அன்று கலிபோர்னியாவிலிருந்து பாலைவனத்தின் நடுவே காரில் போனோம். ஜோஹன்னஸ்பர்க் போகும் வழியில் வான் ரீனன் மலைப்பாதை வந்தால் கணவரிடம் சாவியை வாங்கி நானே ஓட்டுவது வழக்கம். ஓட்டுகிறவருக்கு அடுத்த வளைவு முன்கூட்டியே தெரிவதால் குமட்டுவதில்லை. அங்கே சாலை நேராக இருந்ததால் அதற்கும் தேவை வரவில்லை. மாத்திரையை நேரத்தோடு போட்டேன், வயிற்றைக் காலியாகவும் வைக்கவில்லை, நிரப்பவும் இல்லை. உள்ளே நீண்ட நகரும் படிக்கட்டுகளைப் பார்த்ததும் அக்கா நின்றுவிட்டார். பணியாளரிடம் கேட்டு மின்தூக்கியில் போனோம். கேட்டால் காட்டுகிறார்கள்; கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

விளக்கு அணைந்து முதல் காட்சி விரிந்ததும் அரங்கமே ஒரு குரலாக வியந்தது. எனக்கு எதிரே பாதித் திரை, மேலே கறுப்பாகக் கூரையின் கோடு. காட்சி முன்னால் நகரத் தொடங்கியபோது தலையை நாற்காலியில் அழுத்திச் சாய்த்து, மேடையில் கிட்டார் பிடித்து நின்ற மனிதர்களைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய ஒளிக்கடலின் நடுவே விரற்கடை அளவில் நின்றார்கள், ஆனால் அசையாமல் நின்றார்கள். வயிறு அடங்கியது. மெதுவான சுழற்சி வந்தபோது கண்ணை மூடினேன். இதைச் செய்யப் பலர் தயங்குகிறார்கள்: இவ்வளவு கொடுத்து வந்து கண்ணை மூடுவதா என்று. தயங்கவே வேண்டாம். அந்த அரங்கின் ஒலியமைப்பு அதன் திரைக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. திரைக்குப் பின்னால் ஏறத்தாழ 1,600 ஒலிபெருக்கித் தொகுதிகள் வைத்து, ஒலியைக் கற்றைகளாகத் திருப்பிப் பல பகுதிகளுக்கும் தெளிவாக அனுப்புகிறார்கள். கண்ணை மூடியிருந்த அந்த ஐந்து நிமிடங்களில் நான்கு குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று வந்து அமர்வதைக் கேட்டேன். அன்று கிடைத்ததிலேயே சிறந்தது அதுதான்.

அக்கா ஒரு கையால் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தார். அது பயத்தின் பிடி என்று நினைத்து மெல்லத் தொட்டேன். “பரவால்ல, பரவால்ல” என்றவர், கொஞ்சம் கழித்து என் காதில் சொன்னார்: “வராந்தாவுல உட்காந்து தெருவுல காவடி போறதைப் பாக்குற மாதிரி இருக்கு.” பிறகு பாடத் தொடங்கிவிட்டார். எல்லாப் பாட்டும் அவருக்கு மனப்பாடம்.

இனி நான் கேட்பது அரங்கம் நடத்துகிறவர்களிடம். இருக்கை விற்கும் பக்கத்தில் விலையும் வரிசை எண்ணும் போடுகிறீர்கள். சரிவு எத்தனை பாகை, ஒவ்வொரு வரிசைக்கும் கைப்பிடி உண்டா, அந்த அடுக்குக்கு மின்தூக்கி போகுமா என்பதையும் போடுங்கள். பிரிட்டனில் விளையாட்டரங்குகளுக்கான வழிகாட்டி நூல் 34 பாகைக்கு மேல் சரிவு வேண்டாம் என்கிறது. இப்படி அளந்து சொல்ல முடிந்த விஷயத்தை வாங்குகிறவரிடம் சொல்வதில் என்ன தடை? காட்சியில் வேகமான அல்லது சுழலும் பகுதிகள் இருக்குமா என்று ஒரு வரி போதும். மறைப்புள்ள இருக்கையைக் குறை என்று மட்டும் எழுதாமல், அசைவு ஆகாதவர்களுக்கு ஏற்றது என்றும் எழுதலாம். அபுதாபியிலும் ஒரு ஸ்ஃபியர் வரப்போவதாக 2024 அக்டோபரில் அறிவித்திருக்கிறார்கள். டர்பனிலிருந்து அது லாஸ் வேகஸைவிட எவ்வளவோ அருகில், நம்மவர்கள் கட்டாயம் போவார்கள்.

டர்பனில் நிகழ்ச்சி நடத்தும் நம் தமிழ் அமைப்புகளிடமும் ஒரு வேண்டுகோள். இப்போதெல்லாம் சிறிய மண்டபத்தில்கூடப் பாடகருக்குப் பின்னால் பெரிய எல்இடி சுவர் வைத்து, சுழலும் வட்டங்களையும் பாயும் நட்சத்திரங்களையும் இடைவிடாமல் ஓட்டுகிறார்கள். முன்வரிசையில் உட்கார வைக்கப்படுபவர்கள் நம் தாத்தா பாட்டிகள். பாதி நிகழ்ச்சியில் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போகிறவரைச் சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று நினைத்துவிடுகிறோம். தியாகராஜர் கீர்த்தனைக்குப் பின்னால் கோயில் கோபுரத்தின் ஒரு நிலையான படம் போதாதா? பெரியவர்களுக்குப் பக்கவாட்டில், சுவரை ஒட்டி, வெளியே போக எளிதான இடத்தில் நாற்காலி போட்டுத் தரலாமே.

கூடப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது மிச்சம். முன்பே ஓர் அடையாளம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் முழங்காலில் இரண்டு தட்டு என்று வைத்திருந்தோம். தட்டினால் கேள்வி கேட்காமல் எழுந்து வெளியே போக வேண்டும், திரும்பி வருவதா வேண்டாமா என்பதை வெளியே போய்ப் பேசிக்கொள்ளலாம். அந்த அடையாளம் இருக்கிறது என்ற தெம்பிலேயே அன்று அதற்குத் தேவை வரவில்லை. “கீழே பார்க்காதே” என்று சொல்லாதீர்கள். பார்க்க ஒன்றைக் கொடுங்கள். கச்சேரி முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் எழும்போது அவசரப்படாமல் உட்கார்ந்திருங்கள், கூட்டம் தள்ளும் படியில் கைப்பிடி கிடைக்காது. பிறகு உயரம் ஆகாதவருக்கு முன்னால் ஒரு படி கீழே நீங்கள் நடங்கள். அவர் கண்ணுக்கு வெறும் வெளி தெரியாமல் உங்கள் முதுகு தெரியும், வேண்டுமானால் தோளில் கையும் வைத்துக்கொள்வார். அன்று அக்காவின் மகன் அப்படித்தான் முன்னால் நடந்தான், அக்கா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பாட்டைப் பாடிக்கொண்டே வந்தார்.